யசோதினியின் நாலாவது தடவை

“எழுதிக்கொள்ளுங்க சேர், இவ இண்டைக்கும் பெயில்தான்” என்றார் அழகரத்தினம். அவருடைய கார் அப்போது நகரக்கூடத் தொடங்கவில்லை.

முன்னால் மோட்டார் சைக்கிளில் யசோதினி. பின்னால் சாரதிப் பயிற்சிப் பள்ளியின் கார். அதை ஓட்டியவர் பள்ளியின் முதலாளியும் ஆசிரியருமான அழகரத்தினம். பக்கத்து இருக்கையில், மடியில் படிவத்தை வைத்துக்கொண்டு, லைசன்ஸ் பரிசோதகர் சாலிஹ். ஏறாவூரில் தொடங்கி, தன்னாமுனை தாண்டி, டவுன் வரைக்கும் யசோதினி ஓடிக் காட்ட வேண்டும்.

ஏற்கெனவே மூன்று தடவை தவறியவள். சுனாமியில் புருசனைப் பறிகொடுத்துவிட்டு, வாகரையில் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருக்கிறாள். அங்கே ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்கு நிறை பார்க்கும் வேலை ஒன்று அவளுக்குச் சரிவந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் லைசன்ஸைக் காட்டாவிட்டால் அந்த வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அழகரத்தினத்துக்கு அவளைக் கண்ணில் காட்டக் கூடாது. வகுப்பில் எல்லாருக்கும் முன்னால், “இடப்பக்கத்தால முந்தக்கூடா எண்டுதானே சேர் புத்தகத்தில கிடக்கு? நீங்க என்ன அப்பிடிப் பழக்குறீங்க?” என்று கேட்டவள். முப்பது வருசமாக வாகனம் ஓடுகிற மனுசனிடம் கேட்கிற கேள்வியா அது?

ஏறாவூர்க் கடைத்தெருவில் முன்னால் போன பஸ் நின்றது. இடப்பக்கம் தாராளமாக வழி கிடந்தது. யசோதினியோ, பஸ்காரனின் கண்ணாடியில் தான் தெரிகிற மாதிரி ஒரு தூரம் விட்டு, பின்னாலேயே நின்றுகொண்டாள்.

“பாருங்க சேர் கூத்த! அந்த இடைவெளிக்குள்ள மாட்டு வண்டிலே போகும். இவ பஸ்ஸுக்குக் காவல் நிக்கிறா.”

அந்த இடைவெளியில்தான் நாலு பெண்கள் பையும் பிள்ளையுமாக இறங்கினார்கள்.

கொஞ்சத் தூரம் போனதும் வெள்ளைப் பிக்கப் ஒன்று குறுக்கே வந்தது. சுனாமிக்குப் பிறகு ஊருக்குள் வந்து குவிந்த தொண்டு நிறுவன வாகனங்களில் அதுவும் ஒன்று. அது வேகத்தைக் குறைத்தவுடன் யசோதினியும் அதன் பக்கத்தில் போகாமல் பின்வாங்கினாள்.

“இப்பிடி எல்லாருக்கும் வழி விட்டுக்கொண்டு போனா வாகரைக்குப் போய்ச் சேர வருசம் மாறிரும்” என்று சிரித்தார் அழகரத்தினம்.

அவர் வாய் மூடவில்லை. பிக்கப் சிக்னலும் இல்லாமல் சடாரென்று இடப்பக்கம் திரும்பி ஒழுங்கைக்குள் பாய்ந்தது. பக்கத்தில் போயிருந்தால் அவளை நசுக்கியிருக்கும்.

“பயந்தாங்கொள்ளிக்கும் சில நேரம் வாய்க்கும்தானே” என்றார் அழகரத்தினம். ஆனால் அவருக்கு உள்ளுக்குள் புகைந்தது. சாலிஹ் படிவத்தில் இரண்டு இடத்தில் சரி போட்டிருந்தார். இப்படியே போனால் இந்தக் கழுதை பாஸ் பண்ணித் தொலைத்துவிடுவாள்.

தன்னாமுனை தாண்டி, வாகனம் குறைந்த ஓரிடத்தில்தான் அது நடந்தது. யசோதினி கண்ணாடியைப் பார்த்தாள், சிக்னல் போட்டாள், இடப்பக்கம் ஒதுங்கி நின்றாள். எஞ்சினை நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் கொழுவினாள். பிறகு இறங்கி, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

அழகரத்தினத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது சந்தோசம் தாங்கமுடியவில்லை. அங்கேதான் முன்பு ஆமிச் சென்றி, இராணுவத்தின் சோதனைச் சாவடி, இருந்தது. மோட்டார் சைக்கிளென்றால் ஹெல்மெட்டைக் கழற்றி இறங்கித் தள்ள வேண்டும், காருக்கு வேறொரு முறை என்று எத்தனையோ வருசம் சனத்தை ஆட்டிப்படைத்த இடம். சண்டை முடிந்து, மண் மூட்டைகளையும் அள்ளிக்கொண்டு அவர்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. இப்போது அங்கே ஒரு மாடு மட்டும் அசைபோட்டுக்கொண்டு நின்றது.

“ஐயோ சேர், பாத்தீங்களா? மாட்டுக்கு மரியாத பண்ணுறா!”

அழகரத்தினம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கதவுக் கண்ணாடியை இறக்கினார். கையை வெளியே நீட்டிக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சென்றி போனது கூடத் தெரியாத சனத்துக்கு ரோட்டில என்ன வேலை? இதுகள் பழகிப்போன அடிமையள் சேர். சாகுமட்டும் திருந்தாதுகள். நான் அப்பவே சொன்னன், பொம்பிளைக்கு எதுக்கு மோட்டார் சைக்கிள் எண்டு.”

யசோதினி நடந்துகொண்டே இருந்தாள். போகப் போக உருவம் சிறுத்துத் தெரிந்தது. வெகு தூரத்தில் திடீரென்று நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். தலையில் ஓங்கி அடித்துக்கொண்டாள். காரைத் திரும்பிப் பார்த்தவளுக்கு, இந்தத் தடவையும் எல்லாம் போய்விட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். தோள் தொங்கிப்போக ஹெல்மெட்டை மாட்டி, பின்னால் பார்த்து, சிக்னல் போட்டு, மெல்ல ஓடத் தொடங்கினாள்.

சாலிஹ் படிவத்தின் அடியில் ஏதோ எழுதிக் கையெழுத்து வைத்தார்.

“பெயில்தானே சேர்?”

“பாஸ்.”

“என்ன சேர் பகிடியா? இல்லாத சென்றிக்கு இறங்கித் தள்ளினவளுக்கா பாஸ்?”

“அவ தள்ளி முடிச்சு, ஏறிப் போயிட்டா மாஸ்டர். நீங்கதான் நிப்பாட்டின கார இன்னும் எடுக்கல்ல.” சாலிஹ் பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்தினார். “முதல்ல வெளிய நீட்டிக்கொண்டிரிக்கிற அந்த அடையாள அட்டைய உள்ளுக்க எடுங்க.”