வீட்டில் ஒரே மொழி

"வீட்டுல குழந்தையோட என்ன பாஷை பேசறேள்?" என்று நிருபமா டீச்சர் கேட்டது லூர்துமேரியை. பதில் சொன்னது அவள் புருஷன் தியோடர்.

"ஒன்லி இங்கிலீஷ், மேடம்."

பெருமையாகத்தான் சொன்னான். டாக்டர் பேச்சை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்த குடும்பம் பெங்களூரில் இன்னொன்று இருந்தால் காட்டுங்கள் பார்ப்போம்.

அவர்கள் மகள் ஜூடித்துக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஆட்டிசம் என்றார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கீழ்வீட்டில் உருது, பள்ளியில் இங்கிலீஷ் என்றால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும், இனிமேல் ஒரே மொழியில் பேசுங்கள், பள்ளிக்கூட மொழியாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார். அவ்வளவுதான், வேதவாக்கு.

தியோடருக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. கோலார் தங்கவயல் கான்வென்ட்டில் படித்தவன், இங்கிலீஷில்தான் தும்முவான்.

லூர்துமேரியும் தங்கவயல்தான். ஆனால் மாரிக்குப்பத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு, தமிழ்ப் பள்ளிக்கூடம், அதுவும் எட்டாவதோடு சரி. அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே சொத்து வாய். குழாயடியில் அவள் ஆரம்பித்தால் சுரங்கத்துச் சங்கு தோற்றுப்போகும் என்பார்கள்.

அந்த வாயில் கொழுக்கட்டையை வைத்து அடைத்தாயிற்று.

கம். ஈட். ஸ்லீப். குட் கேர்ள். பெற்ற மகளோடு அதற்கப்புறம் இந்த நாலு வருஷமாக அவள் பேசிய பேச்சு ஏறக்குறைய இதுதான். அவர்களுடைய ஜோகுபாளையத்து மாடி வீட்டில் தமிழ் ரேடியோ நின்றுபோனது. சாயங்கால ஜெபமாலையைக்கூட உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். மாதாவுக்குக் கேட்டதோ இல்லையோ, ஜூடித்துக்குக் கேட்டுவிடக்கூடாது.

பிள்ளைக்காக ஒருத்தி எதைத்தான் விடமாட்டாள்?

நிருபமா டீச்சர் ஜூடித்தின் பள்ளிக்குப் புதிதாக வந்த ஸ்பெஷல் டீச்சர். ஜூடித் மாதிரிப் பிள்ளைகளுக்கென்று தனியாகப் படித்துவிட்டு வந்தவர். தியோடர் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியை லூர்துமேரி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு பாஷை கேட்டா இந்தக் குழந்தைகளுக்குக் கெடுதல் இல்லேன்னு இப்போ ஆராய்ச்சி பண்ணினவா சொல்றாம்மா. உங்க வாய்ல தானா எது வருதோ அதுல பேசுங்கோ."

சோறு வடிக்கும்போது சோறு வடிக்கிறேன் என்று சொல்லுங்கள், துணி மடிக்கும்போது துணி மடிக்கிறேன் என்று சொல்லுங்கள், சின்னச் சின்னதாகப் பேசுங்கள், ஒன்று கேட்டால் பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருங்கள், அதுவே பெரிய வைத்தியம் என்று விளக்கினார். தியோடர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி "தேங்க்யூ மேடம்" என்றான்.

லூர்துமேரிக்குக் கோபம் வந்தது. தாலாட்டு இல்லாமல் தூங்கப்பண்ணிய ராத்திரிகளை யார் திருப்பித் தருவார்கள்? காய்ச்சலில் பிள்ளை கிடந்தபோது ஒரு "என் ராசாத்தி" கூடச் சொல்லாமல் ஈரத்துணி போட்டாளே, அதை யாரிடம் போய்க் கேட்பது? இனிமேலாவது பேசலாம் என்கிறார்கள். பேசினால் மகள் திரும்பிப் பார்ப்பாளா, இல்லை எல்லாம் கைமீறிப் போயிற்றா?

"இப்பவே ஏதாவது சொல்லிப் பாருங்கோ" என்றார் டீச்சர்.

லூர்துமேரி புருஷனைப் பார்த்தாள்.

"கோ அஹெட், மேரி" என்று சிரித்தான் அவன்.

அவள் நாற்காலியை விட்டு இறங்கி, டிபன் பாக்ஸ் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்த மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் தேங்கிக் கிடந்ததெல்லாம் முட்டி மோதிக்கொண்டு தொண்டைக்கு வந்தது. கடைசியில் வெளியே வந்தது எந்தத் தாய்க்கும் முதலில் வருவதுதான்.

"பசிக்குதாடி, கண்ணு?"

மூடி சுழலவில்லை. ஜூடித் அதைக் கையால் அமுக்கி நிறுத்தியிருந்தாள்.

லூர்துமேரி டீச்சர் சொன்னபடி காத்திருந்தாள்.

ஜூடித் நிமிர்ந்தாள். அம்மாவின் வாயைப் பார்த்தாள். மூடியை வைத்துவிட்டு எழுந்து, ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்தாள். லூர்துமேரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஜூடித் தன் உள்ளங்கையை அம்மாவின் வாய்மேல் வைத்து அழுத்தினாள்.

"ஷட் அப், மேரி! நோ டமில் இன் மை ஹவுஸ்!"

சொந்தமாக ஒரு வார்த்தை பேசாவிட்டாலும், டிவி விளம்பரங்களை ஒரு இழுப்புகூட மாறாமல் ஒப்பிக்கிற பிள்ளை அது. இதையும் அப்படித்தான் சொன்னது, அதட்டல் முதற்கொண்டு, ஆம்பிளைக் குரலின் கனம் முதற்கொண்டு.

நிருபமா டீச்சர் மெதுவாகத் தியோடர் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை அவன் தேங்க்யூ சொல்லவில்லை.

லூர்துமேரி யாரையும் பார்க்கவில்லை. அணைத்தால் நெளிந்து ஓடுகிற மகள், தானாக வந்து அவள் முகத்தைத் தொட்டது இதுதான் முதல் தடவை. அந்தக் கையை எடுத்துவிட அவளுக்கு மனசு வரவில்லை.