பின்பலகைத் தூக்கம்

“நீங்க தூங்கக்கூட வேண்டாம். கண்ணை மூடிட்டுச் சும்மா படுங்க, நானாவது தூங்கறேன்” என்றாள் மனைவி.

அவருக்கு அதுவும் முடியவில்லை. லாரியை விட்டு இறங்கி இருபது வருஷம். அன்று முதல் தூக்கம் அரைகுறை. மூன்று மாதமாகச் சுத்தமாக இல்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்து மூன்று ஜோடிச் செருப்பைத் தேய்த்துவிட்டார். தூக்க நிபுணர் என்று பலகை மாட்டியிருந்த டாக்டர், தூக்கத்தின் மேன்மை பற்றி நாற்பது நிமிடம் பேசினார். துணைக்குப் போன மனைவி அங்கேயே தூங்கிவிட்டாள். இவர் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். இன்னும் ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

“என் தூக்கம் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும். அது சிலைகிட்ட இருக்கு” என்றார் அவர்.

சிலை அவருடைய ஜோடி டிரைவர். அந்தப் பார்சல் கம்பெனியில் ஒரு லாரிக்கு இரண்டு பேர். ஆறு மணி நேரம் ஒருவர் ஓட்ட, மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் தூங்க வேண்டும்; பிறகு மாற வேண்டும். பதினெட்டு வருஷம் ஒரே லாரியில் குடித்தனம் நடத்தியும், இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டது டீக்கடைகளில் மட்டும்தான்.

தன் முறையில் அவர் பறப்பார். முன்னால் ஒரு வண்டி போனாலே குடும்ப கௌரவத்துக்கு வந்த இழுக்காக எடுத்துக்கொள்வார். சிலையோ ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் ஆடாது, அசையாது. தலை திரும்பாது, ஹாரன் கேட்காது. சுமை ஏற்றுபவர்கள் வைத்த பெயர் அது. அவன் ஓட்டும்போது பலகையில் சாய்ந்தால் இவருக்குப் பச்சைக் குழந்தையின் தூக்கம்.

எங்கெங்கோ விசாரித்து, ஒரு மதியம் சிலையை வரவழைத்து, மகனின் கார் சாவியைக் கையில் கொடுத்தார். பின்சீட்டில் முழங்காலை மடக்கிப் படுத்தார். தெருமுனை திரும்புவதற்குள் குறட்டை கேட்டது. முன்சீட்டில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு வாசலில் இறங்கியவருக்குப் பத்து வயது குறைந்திருந்தது. தினமும் மதியம் வந்துவிட வேண்டும் என்று சிலையின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். கூடவே ஒரு சொற்பொழிவும் ஆற்றினார்.

“தூக்கம்கறது நம்பிக்கை, தம்பி. உன் கையில வண்டி இருக்குன்னா என் உயிர் பத்திரமா இருக்குன்னு அர்த்தம். நான் ஓட்டறப்ப நீயும் அப்படித்தானே தூங்கினே?”

சிலை தரையைப் பார்த்தான். “கோவிச்சுக்கக் கூடாது, அண்ணே. நீங்க ஓட்டறப்ப நான் ஒரு நாள்கூடக் கண்ணை மூடினதில்ல. எதுல போய் மோதுவீங்களோன்னு போர்வைக்குள்ள பலகையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுக் கிடப்பேன்.”

“பதினெட்டு வருஷமுமா?”

“பதினெட்டு வருஷமும்.”

“அடப்பாவி, அப்ப நீ எப்பதான்டா தூங்குவே?”

“ஸ்டியரிங் என் கைக்கு வந்த பிறகுதான் அண்ணே, நிம்மதியாத் தூங்குவேன்.”