பிழை இல்லாத பலகை

பலகையில் ஒரு பிழைகூட இல்லை. பஞ்சநாதனுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

தெய்வநாயகத்தின் ஓட்டல் வாசலில், பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களுக்காகப் பிரெஞ்சில் எழுதி வைத்திருந்த அன்றைய சாப்பாட்டுப் பட்டியலை நான்காவது முறையாக எழுத்து எழுத்தாகப் படித்தான். எல்லாம் சரியாக இருந்தது. கையில் தூக்குப் பாத்திரம் காலியாக ஆடியது. வீட்டில் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாளான மனைவி வசந்தா, நேற்று மதியத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை. குழந்தைக்குப் பால் ஊறவில்லை.

அவன் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் துரை, ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதுமே கப்பலேறிவிட்டார். இங்கிலீஷ் தெரியாதவனுக்கு ஊரில் வேலை கிடைக்கவில்லை. பள்ளித் தோழன் தெய்வநாயகம் கூப்பிட்டுச் சோறு போடப் பார்த்தபோது, "ஓசிச் சோறு எனக்கு வேணாம்டா" என்று எழுந்து வந்துவிட்டான்.

மறுநாள் அந்த வழியாகப் போனவன், பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டான். பிரெஞ்சில் ஓர் எழுத்து மாறி, கோழி வறுவல் பீரங்கிக் குண்டு வறுவல் ஆகியிருந்தது!

"லத்தீன் கிளாஸ்ல சாமியார் அத்தினி தடவ காதத் திருவியும் உனக்கு எழுத்து வரலியேடா!"

தெய்வநாயகமும் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து லத்தீன் வாய்பாட்டை ராகம் போட்டுப் பாடியதையும், சேர்ந்து முட்டி போட்டதையும் பேசித் தீரவில்லை. "தெனம் வந்து திருத்திக் குடுடா பஞ்சு. கூலி ரெண்டு சாப்பாடு" என்றான்.

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு பிழை வந்தது. ஒரு நாள் கேக் படகானது. இன்னொரு நாள் இனிப்பு பாலைவனமானது. ஒரு முறை திருத்திய பிழை மறுபடி வந்ததே இல்லை.

இன்று திருத்த ஒன்றுமில்லை. வெறுமனே போய்ச் சோறு கேட்க நாக்கு எழவில்லை.

தெருவை இருபுறமும் பார்த்தான். விரலை எச்சிலில் தொட்டு, மீன் என்ற சொல்லில் ஓர் எழுத்தை அழித்தான். மீன் குழம்பு விஷக் குழம்பானது. லத்தீனில் முதல் பரிசு வாங்கிய கை அது.

"அண்ணே..."

வாசற்படியில் தெய்வநாயகத்தின் மனைவி செல்வாம்பாள் நின்றிருந்தாள். அவள் பார்வை அவன் விரல் நுனியில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளில் இருந்தது.

"அவன்... இல்லையா?"

"கடலூர் போயிருக்காரு. அவரு சீட்டுல எழுதிக் குடுத்தத இன்னிக்கு நான்தான் பாத்து எழுதுனேன்."

பஞ்சநாதன் தலை குனிந்து திரும்பி நடந்தான். நாலு எட்டு வைப்பதற்குள் அவள் ஓடிவந்து தூக்குப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"எம்மேலதாண்ணே தப்பு... 'பஞ்சு வருவான், ஒரு எழுத்த மாத்தி எழுது'ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு, நான்தான் மறந்துபோய்ச் சரியா எழுதிட்டேன்!"