ஒன்பதாம் தேதிக் கட்டம்

நல்லதம்பியிடம் ஒரு சொல் கேட்டு வாங்க விலை பன்னிரண்டு ரூபாய்.

பேரம் கிடையாது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ அந்த விலை. அவர் போட்ட புதிருக்கு விடை தெரியாமல் துப்புக் கேட்டால், கேட்டவர் டீ வாங்கித் தர வேண்டும்.

இன்றைக்குச் சுக்கூர் பாய் அந்த டீயைப் பிளாஸ்க்கில் வாங்கிக்கொண்டு வந்து, நல்லதம்பியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

சுக்கூர் பாத்திரக் கடைக்காரர். எவர்சில்வர் குடத்துக்கு நூறு ரூபாய் ஏற்றிச் சொல்லி, எண்பதைக் குறைத்து, வாங்குகிறவளையும் சிரிக்கவைத்து அனுப்புகிறவர்.

நல்லதம்பி பத்திர எழுத்தர். நிலத்தின் நான்கு எல்லையையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிற வாய், இருபது நாளாக ‘ம்’ என்பதைத் தவிர எதையும் கொடுக்கவில்லை. எழுதிச் சம்பாதித்த வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன சாமான் மாதிரி போர்வைமேல் கிடந்தது.

பேப்பரில் வரும் குறுக்கெழுத்து இருவருக்கும் எப்போதோ சலித்துவிட்டது. பதினொரு வருஷமாகத் தாங்களே புதிர் போட்டார்கள். ஒருநாள் இவர், மறுநாள் அவர். காலையில் செல்போனில் புதிர் வரும். வந்துவிட்டது, பார் என்பதற்கு ஒரு மிஸ்டு கால். எடுக்கக் கூடாது, அடித்ததும் வெட்டிவிட வேண்டும்.

‘சேலைத் தலைப்பில் நரிவாலைக் கட்டினால் உடையார்பாளையத்துப் பருப்பு (4)’ என்று நல்லதம்பி ஒருமுறை அனுப்பினார். தலைப்பு என்றால் முந்தி. நரியின் வால் ‘ரி’. முந்திரி. அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துக் கணக்கு. அதைக் கண்டுபிடிப்பதற்குள் சுக்கூருக்கு மதியச் சோறு ஆறிப்போயிருந்தது.

கடை சாத்துவதற்குள் விடை சொன்னால் போட்டவர் தலையில் டீ. சொல்லாவிட்டால் சொல்லாதவர் தலையில். தோற்றவர் பெயரின் முதல் எழுத்தை, நல்லதம்பி வீட்டுச் சுவரில் தொங்கும் சுக்கூர் கடைக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்தில் எழுதுவார்கள்.

நல்லதம்பியின் மனைவி ஜானகி பிளாஸ்க்கைத் திறந்து டீயை ஆற்றினாள். சுக்கூர் தினமும் வருவதைப் பற்றி, பக்கத்து வீட்டாரிடம் சொன்னதையே இன்றும் சொன்னாள். கூடப் பிறந்தவன்கூட இப்படி வரமாட்டானாம்.

“அன்னிக்கு நான் மீன்சுருட்டிக்குப் போவாம இருந்திருக்கணும்ணே. வாதம் அடிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள கொண்டாந்திருந்தா ஊசி போட்டு எழுப்பியிருப்போம்னு டாக்டரு சொன்னாரு. நான் பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிருச்சு. பாவம், யாரையும் கூப்புடக்கூட வாய் வரலை அவருக்கு.”

சுக்கூர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லதம்பிக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறதா, இல்லையா? இருபது நாளாகச் சுக்கூருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். டாக்டரிடம்கூடச் சுற்றிவளைத்து விசாரித்துவிட்டார். சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குக் கட்டிலுக்கடியில் விழுந்து டிஸ்பிளே போன நல்லதம்பியின் செல்போனை, ரிப்பேருக்குக் கொடுக்கிறேன் என்று வாங்கிப்போனவர் சுக்கூர். அது இன்னும் அவர் கல்லாப் பெட்டியில்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, ஒன்பதாம் தேதி. காலை பத்தேகால். நல்லதம்பியின் முறை.

மிஸ்டு கால் வந்தது. சுக்கூர் வெட்டினார். மறுபடி வந்தது, வெட்டினார். மூன்றாவது முறையும் வந்தபோது, இந்த ஆளுக்கு என்ன அவசரம் என்று கடைப் பையனிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வெட்டினார்.

பிறகு செய்தி வந்தது.

‘வலது கை தூக்க வரலை. உடனே வாங்க.’

பிரமாதம் என்று நினைத்தார். ‘வலது’ என்றால் கடைசி எழுத்து. ‘தூக்க’ என்றால் எதையோ எடுத்துவிட வேண்டும். பில் புத்தகத்தின் பின்னால் எழுதி எழுதி அடித்தார். குடம் கேட்டு வந்தவளுக்கு அண்டா விலையைச் சொன்னார். ஜும்மாவுக்குப் போகும்போது நல்லதம்பியின் தெருமுனையைத் தாண்டித்தான் நடந்தார். தலை நிமிரவில்லை, மனசு முழுக்கப் புதிர்.

எழுத்துக் கணக்கு இல்லாததை அவர் கவனிக்காமல் இல்லை. அதைக் கேட்கவைத்து டீயைக் கறக்கப் பார்க்கிறான் என்று நினைத்தார். கேட்கவில்லை.

பன்னிரண்டு ரூபாய் மிச்சம்.

“ம்,” என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த நல்லதம்பி.

இடது கையின் விரல் சுவரைக் காட்டியது. ஜானகி ஜன்னலைத் திறந்தாள். அது இல்லை. மின்விசிறியை நிறுத்தினாள். அதுவும் இல்லை.

சுக்கூருக்குப் புரிந்தது. எழுந்துபோய்க் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, அவர் மடியில் வைத்தார். ஜனவரி. எட்டாம் தேதிவரை நிரம்பியிருந்தது. ‘ந’ நாலு, ‘சு’ நாலு. அப்புறம் பொங்கல், மாட்டுப்பொங்கல், எல்லாம் வெறும் கட்டம்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த இடது கையில் வைத்தார்.

“என்னண்ணே எழுதப் போறாரு? இன்னிக்குப் புதிரே போடலியே,” என்றாள் ஜானகி.

பேனா இன்றைய தேதிக்குப் போகவில்லை. மூன்று வரிசை மேலேறி, ஒன்பதாம் தேதிக் கட்டத்தில் நின்றது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் போன பிள்ளை எழுதுவது போல, கட்டத்தை மீறிக் கோணலாக ஓர் எழுத்து. எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

நல்லதம்பி தலையைத் திருப்பிச் சுக்கூரைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலாம் போலிருந்திருக்கும்.

சுக்கூர் காலண்டரை வாங்கி, வழக்கம்போல் கூட்டிப் பார்த்தார்.

நல்லதம்பி நாலு. சுக்கூர் அஞ்சு.