சொத்தைப் பல்லின் பாடம்

பல் மருத்துவம் முடித்த பூங்கோதை மேல்படிப்பு நுழைவுத்தேர்வுக்காக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கடைவாய்ப்பல்லில் சொத்தை விழுந்து, அதற்கு உயிர் போகிற வலி.

"அவகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அது நாக்கிடம் கெஞ்சியது.

"எனக்கு எங்கே ஒழியுது? இருதயம் முடிஞ்சு இப்பத்தான் சிறுநீரகம் ஓடுது. உன் பாடமும் வரும், பொறு" என்றது நாக்கு.

சாயங்காலம் அந்தப் பாடம் வந்தது. பூங்கோதை ஒரு கையால் கன்னத்தை அழுத்திக்கொண்டே உரக்கப் படித்தாள்: "சொத்தையை ஆரம்பத்திலேயே அடைத்துவிட்டால் பல்லைக் காப்பாற்றலாம்."

பல்லுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இதைப் பரீட்சையில கண்டிப்பாக் கேட்பான்" என்று அடிக்கோடு போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"பார்த்தியா, நான் முக்கியமாம்" என்றது பல், வலியோடு வலியாக.

அதற்குள் நாக்கு கல்லீரலில் பாதி தூரம் போயிருந்தது.