முன்கண்ணாடியில் பனி

"உள்பக்கம் தேய்ச்சா எப்படிங்க போவும்? பனி வெளியிலதானே இருக்கு!"

காருக்குள் அமர்ந்திருந்த இளவரசி கூறினாள். அவள் அறிவியல் ஆசிரியை. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வந்ததால், வீட்டிலும் எதையும் விளக்காமல் விடமாட்டாள். எங்கே செல்வதானாலும் இரண்டு மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டுவிடுவது அவளது இன்னொரு வழக்கம். பத்து மணிக்குச் சிதம்பரத்தில் இருக்கவேண்டும் என்பதற்காக, அந்த மார்கழிக் காலையில் ஆறரை மணிக்கே முதுநகர் வீட்டு வாசலில் கணவரைக் கார் துடைக்க வைத்திருந்தாள்.

"டீச்சரே சொல்லிட்டா அப்பீல் ஏது?" என்று சிரித்தபடி இறங்கிய ராஜமாணிக்கம், பழைய துண்டால் முன்கண்ணாடியின் வெளிப்புறத்தை அழுந்தத் துடைத்தார். வண்டி புறப்பட்டது.

கிள்ளைக்கு அருகிலுள்ள ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக அவளுக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. அது வேண்டாமென்று எழுதிய கடிதம் அவள் கைப்பையில் இருந்தது. சிதம்பரத்துக் கல்வி அலுவலகத்தில் அதைக் கொடுப்பதற்கு அன்றே கடைசி நாள்.

"நல்லா யோசிச்சியா? எத்தினி வருசமா காத்திருந்து வந்தது. இப்ப வேணாம்னா மறுபடி எப்ப வருமோ?"

"ரெண்டு பஸ் மாறி கிள்ளையில எறங்கி, அங்கேருந்து ஆட்டோ புடிக்கணும். எட்டரைக்குப் பிரேயர். நடக்கிற காரியமா? இல்ல, நீங்கதான் கடையை மூடிட்டுத் தெனம் என்னைக் கொண்டுபோய் விடுவீங்களா?"

"உன் லைசென்ஸ் நாலு வருசமா பீரோவுல தூங்குது."

"தூங்கட்டும். பழகுறப்பவே பால்காரர் வண்டிய இடிச்சவ நான். அந்தப் பேச்சே வேணாம்."

ராஜமாணிக்கம் பழைய துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஆலப்பாக்கத்தைக் கடந்ததும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கிக் கண்ணாடியைத் துடைத்தார். சிறிது தூரம் சென்றதும் மீண்டும் நிறுத்தித் துடைத்தார். மூன்றாம் முறையும் அவர் துண்டை எடுத்தபோது இளவரசி பொறுமை இழந்தாள்.

"இப்ப என்னங்க?"

"பனி ஜாஸ்தியா இருக்கு. ரோடே தெரியல."

பனி விலகி வெயில் வந்திருந்தது. இளவரசி இறங்கி, கண்ணாடியின் வெளிப்புறத்தை விரலால் தடவினாள். பிறகு உள்ளே வந்து உட்புறத்தையும் தடவிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஈரமே இல்லை.

"கண்ணாடி காஞ்சு கெடக்குதுங்க! எனக்கு அந்தப் பாலம் வரைக்கும் பளிச்சுன்னு தெரியுது."

"பாலமா? எனக்கு எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கு."

அவள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "எத்தினி நாளா இப்படி?"

"ரெண்டு வாரமா. சொன்னா நீ பயந்துடுவ."

"பயப்படாம? கண்ணுல புரை விழுந்திருக்கு. இந்தக் கண்ணை வெச்சிக்கிட்டா இவ்ளோ தூரம் ஓட்டியாந்தீங்க?"

"விடு. நீ ஒரு பஸ்ஸ நிறுத்தி ஏறிப் போ. நான் மெதுவா உருட்டிக்கிட்டு வீடு போய்ச் சேர்ந்துடுறேன்."

"உருட்டுவீங்க, உருட்டுவீங்க! நகருங்க அந்தப் பக்கம்."

வண்டி இரண்டு முறை குலுங்கி அணைந்தது. மூன்றாம் முறை நகர்ந்தது. பின்னால் வந்த லாரி ஒன்று காது கிழிய ஒலியெழுப்பிக்கொண்டு கடந்து சென்றது. ராஜமாணிக்கம் கண்களை மூடிச் சாய்ந்திருந்தார். புதுச்சத்திரம் வரும்வரை இளவரசி மூச்சு விட்டாளா என்பதே ஐயம். அதன்பின் அவளுடைய தோள்கள் மெல்லத் தளர்ந்தன. மூன்றாம் கியர் விழுந்தது.

"அது என்ன சத்தம்?" என்று அவர் கண்களைத் திறவாமலே கேட்டார்.

"டிராக்டர். முந்திட்டோம்."

"யாரு முந்துனது?"

"வேற யாரு? நான்தான்!"

"அட!"

சிதம்பரத்தில் கல்வி அலுவலகத்தின் முன் வண்டியை நிறுத்தியபோது அவள் கைகள் இன்னும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன. ஆயினும், முகத்தில் ஒரு புன்னகை தானாக வந்து அமர்ந்திருந்தது. அலுவலகம் திறக்க இன்னும் நேரம் இருந்தது.

"மொதல்ல உங்களைக் கண் டாக்டர்கிட்ட காட்டணும். கடிதமெல்லாம் அப்புறம்."

"டாக்டர் எங்க ஓடிடப் போறாரு? பசி உயிர் போவுது. எதிர்க் கடையில பொங்கல் தீந்துபோச்சாம், இட்லிதான் இருக்காம். பரவால்ல, வா."

இளவரசி திரும்பிப் பார்த்தாள். அகன்ற சாலைக்கு அப்பால், கடையின் உட்சுவரில் ஒரு சிறிய கரும்பலகை தொங்கியது. அதில் சாக்கட்டியால் பொடியெழுத்தில் ஏதோ எழுதியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, கண்களை இடுக்கி, இரண்டாம் முறை படித்த பின்னரே அவளுக்கு அது விளங்கியது: 'பொங்கல் தீர்ந்தது. இட்லி உண்டு.'

ராஜமாணிக்கம் நாக்கைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இளவரசி அவரையும் காய்ந்த முன்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வண்டியை மீண்டும் உயிர்ப்பித்தாள்.

"நீங்க இட்லி சாப்பிட்டுட்டு பஸ்ஸப் புடிச்சி வீட்டுக்குப் போங்க," என்று அமைதியாகக் கூறினாள். "நான் கிள்ளை வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போயி, பள்ளிக்கூடத்தைப் பார்த்துட்டு வர்றேன். திங்கக்கிழமை வேலையில சேரணும்."