சீர்த்தட்டு இல்லாத பக்கம்

தேனி காய்கறிச் சந்தையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே தக்காளிகூடக் கொஞ்சம் நீலமாகத்தான் தெரிகிறது. கடைக்கார ஈஸ்வரபாண்டியின் மடியில், அக்கா மகள் பாண்டீஸ்வரி தன் கதையைத் தானே எழுதி, படமும் வரைந்த புத்தகம் விரிந்து கிடக்கிறது. நூலகக் கோடை முகாமில் அச்சடித்துக் கொடுத்தது. பக்கம் முழுக்கத் தாய்மாமன், அதாவது இவரேதான். பூப்புச் சடங்கு முடிந்த கையோடு "படிச்சது போதும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் விரித்துப் பள்ளிக்கூட வாசலை மறித்து நிற்கிறார். நிஜத்திலும் பாண்டீஸ்வரியை ஒன்பதாவது சேர்க்க இவர் தலையாட்ட வேண்டும். தம்பி புத்தகத்தைக் கிழிக்கப்போகிறான் என்று அக்கா ராமுத்தாய் முந்தானையை வாயில் கவ்வியபடி நிற்கிறாள். ஈஸ்வரபாண்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எதிரே நிற்கும் பாண்டீஸ்வரியிடம் கேட்கிறார்: "ஏத்தா, மாமன் கொட்டுமேளத்தோட கொண்டாந்த சீர்த்தட்டு எங்க? ஒண்ணுகூட வரையல. பாக்கிறவுக நான் வெறுங்கையோட வந்தேன்னுல்ல நெனப்பாக!"

"வழி மறிக்க ரெண்டு கையும் வேணுமே மாமா. தட்டை எங்கன பிடிப்பீக?"

அதிலும் நியாயம் இருக்கிறது. அவர் யோசிக்கிறார். எழுந்து, காலித் தக்காளிப் பெட்டியைத் தலையில் தூக்கிவைத்து, இரண்டு கையாலும் பிடித்து நிமிர்ந்து நிற்கிறார். "இந்தா, இப்ப வரை."

"கை மேல போனதும் வாசல் தெறந்திருச்சே மாமா. நான் உள்ள போறாப்ல வரையவா?"

அவர் வேகமாகத் தலையாட்டுகிறார். பெட்டி சரிந்து முகத்தை மூடுகிறது. ராமுத்தாய் முந்தானையை விடுகிறாள். பெட்டிக்குள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது: "தட்டு நெறையப் பழம் இருக்கணும்த்தா!"